தேர்வுக்கு முந்தைய இரவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த வழிகாட்டுதலை, நீண்ட காலம் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். ஆயினும் மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பொறுத்தவரை, ஆலோசகர் வந்துவிட்டார் என்பதோடு தங்கள் கடமை முடிந்ததாக நிர்வாகங்கள் இருந்துவிடக் கூடாது.

பார்வையற்ற மாணவி ஒருத்தி என் துறையில் இளங்கலை பயின்றாள். பருவத் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு எட்டரை மணிக்கு என்னை அழைத்து, மறுநாள் தான் சொல்லச் சொல்ல எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்த பெண் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாள் என்று சொல்லி அழுதாள். பாடம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுத ஆள் கிடைக்குமா என்பதே அச்சம். ஆளுக்கொரு பக்கம் விசாரித்து, பத்தரை மணிக்கு ஒருவரைப் பிடித்தோம். அதன்பின் அவள் எப்போது படித்தாள், எப்போது உறங்கினாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்ற விதியைக்கூடத் தேர்வறைக் கண்காணிப்பாளரிடம் ஒவ்வொரு முறையும் அவளே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உரிமையானதையே கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பிள்ளையிடம் தைரியமாக இரு என்று சொல்லி என்ன பயன்?

செவித்திறன் குறைந்த மாணவர்களின் துயரம் இன்னும் வெளியே தெரியாதது. சைகை மொழி அறிந்த ஆலோசகர்கள் அரிதாகவே இருப்பதால், உடன் வரும் தாய்தான் மகன் சொல்வதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டாரைப் பற்றிய மனக்குறையை அவன் அங்கே எப்படி வெளியிடுவான்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்வதுடன், அவரவர் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தரவும் கட்டளையிடுகிறது. எழுதித் தருவோரைத் தேடும் பொறுப்பை மாணவரின் தலையில் கட்டாமல், தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே மாற்று ஆளுடன் கல்லூரியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆலோசனைக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை நிர்வாகச் செலவில் அழைக்க வேண்டும். சக்கர நாற்காலி செல்ல முடியாத மாடியில் ஆலோசனை அறையை வைக்கக் கூடாது. அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பாகவே இவற்றை நிறைவேற்றுமாறு பல்கலைக்கழகங்கள் தம் இணைப்புக் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி