முனகாத பேட்டரி

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்கழி 20

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளின் பேறுகாலத்துக்காக நீயும் எனக்குத் தங்கை முறையான உன் மனைவியும் தை பிறந்ததும் கனடா செல்கிறீர்கள், திரும்பிவர ஐந்து மாதம் ஆகும் என்று படித்து மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் நலம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை நடையை இன்னும் விடவில்லை. நம் கல்லூரிச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது.

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கும், வாங்கி ஓராண்டே ஆன உன் ஹைபிரிட் வண்டியை ஷெட்டில் நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டுப் போகப்போவதாக ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில். அப்படிச் செய்யாதே. ஆவணியில் நான் பட்டதைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

என் தங்கை மகனுக்குத் திருவந்திபுரத்தில் திருமணம். விடியற்காலை முகூர்த்தம். நாலரை மணிக்குக் குடும்பமே பட்டுடுத்தி, சீர்த்தட்டுகளைக் கையில் ஏந்தி வாசலில் நிற்க, நான் என் ஹைபிரிட் வண்டியின் சாவியை அழுத்தினேன். வண்டி வாய் திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தியபோது, டாஷ்போர்டு விளக்குகள் எண்ணெய் வற்றிய அகல்போல் ஒருமுறை மங்கலாக எரிந்து அணைந்தன. எங்கோ உள்ளே 'டிக், டிக், டிக்' என்று பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி என்ற பச்சை எழுத்து வரவே இல்லை. இரண்டு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டுவதை மட்டும் பார்க்க முடிந்தது.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்தார்கள். கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி போய்விட்டது, மாற்ற லட்சக்கணக்கில் ஆகும் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்லவேளையாக அடுத்த தெருவில் இருக்கும் வண்டி எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர், எதையும் மாற்றுவதற்கு முன் டிக்கியில் இருக்கும் சின்ன பேட்டரியை ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்றார். டிக்கியும் மின்சாரத்தில் திறப்பது என்பதால், பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்கு அடியில் இருக்கும் முனைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் அதைத் திறக்க வேண்டியிருந்தது. மல்டிமீட்டரை வைத்தார், 10.9 வோல்ட் காட்டியது. நெகட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. அந்தப் பேட்டரிக்கு ஆறு வயது. அதை மாற்றியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பெரிய பேட்டரிக்கு ஒன்றுமே இல்லை. மின்னழுத்தம் குறைந்ததும் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்கள் குழம்பிப்போய், சம்பந்தமில்லாத குறைகளையெல்லாம் பதிவு செய்திருக்கின்றன.

நம் வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவற்றுக்கிடையிலான வேலைப் பிரிவினையை நான் அன்றுவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சாதாரண வண்டியில் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவது 12 வோல்ட் பேட்டரி. அது தளரத் தொடங்கினால், காலையில் செல்ஃப் எடுக்கும்போதே இழுத்து இழுத்து முனகும்; நாமும் சுதாரித்துக்கொள்வோம். நம்முடையதைப்போல மோட்டாரிலேயே நகரக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகளில் இன்ஜினைச் சுழற்றி எழுப்புவது பெரிய பேட்டரியிலிருந்து ஓடும் மோட்டார். சின்ன பேட்டரி கம்ப்யூட்டர்களை விழிக்கச் செய்து, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்சுகளை மூடிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மிகச் சிறிய வேலை என்பதால், பாதி செத்த பேட்டரிகூட அதை நாள்தோறும் குறையில்லாமல் செய்துவிடும். முனகல் இருக்காது. ஒரு நாள் அந்தச் சிறு வேலைக்கும் போதாமல் போகும்போது, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் பெட்ரோல் டேங்க் நிரம்பியிருந்தாலும், பூட்டிய களஞ்சியத்துக்குச் சாவி தொலைந்த கதையாக வண்டி நின்றுவிடும்.

ஆனாலும் அடையாளங்கள் இருந்தன, சேகர். நான்தான் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு, பெங்களூரில் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தபோது, வண்டியின் கடிகாரம் தானாகப் பன்னிரண்டுக்குப் போயிருந்தது. ட்ரிப் மீட்டர் பூஜ்யமாகியிருந்தது. சாவியை இரண்டு முறை அழுத்தினால்தான் கதவு திறந்தது. சாவியின் செல் தீர்ந்திருக்கும் என்று அதை மட்டும் மாற்றினேன். கண்ணாடிகள் ஏறுவதில் ஒரு சோம்பல் தெரிந்தது. இந்த நான்கில் ஒன்றைக் கண்டாலும் அன்றே பேட்டரியை அளந்துவிட வேண்டும்.

அளப்பது நம் இயற்பியல் ஆய்வகத்தில் செய்த வேலையைவிட எளிது. அங்கே அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை பேட்டரி அமிலத்தில் மிதக்கவிட்டு, 1.25-க்கு மேல் நின்றால் நல்ல செல், 1.18-க்கு வந்தால் சார்ஜ் போடு என்று டெமான்ஸ்ட்ரேட்டர் சொல்வார், நினைவிருக்கிறதா? இப்போது எல்லாம் மூடிய பேட்டரிகள், எனவே வோல்ட் கணக்குத்தான். வண்டியை நிறுத்தி ஓர் இரவு கழிந்தபின் 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் ஆபத்து. பிறகு வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் அளந்தால், பொதுவாக 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தைக் கன்வெர்ட்டர் ஒன்று இறக்கிக் கொடுத்துத்தான் சின்னதைச் சார்ஜ் செய்கிறது. இரண்டாவது அளவு 13-ஐக்கூடத் தொடவில்லை என்றால், பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இப்போது உன் ஐந்து மாதத்துக்கு வருகிறேன். பூட்டி நிறுத்தியிருந்தாலும் அலாரம், சாவியைத் தேடும் உணரி, கடிகாரம் என்று ஏதாவது ஒன்று சின்ன பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் டேஷ்கேமராவும் சேர்ந்துகொண்டது; உன்னுடையதில் இருந்தால் கழற்றிவிடு. வாரம் ஒருமுறை உன் மைத்துனர் வண்டியை வெளியே எடுத்து அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டினால் நல்லது. ஓட்ட முடியாவிட்டால், பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தி, ரெடி எழுத்து வந்ததைப் பார்த்து, ஒரு மணி நேரம் உடனிருக்கச் சொல். பிரேக்கை மிதிக்காமல் அழுத்தினால் பாட்டும் விளக்கும் வரும், சார்ஜ் ஏறாது. நல்லது செய்வதாக நினைத்துப் பேட்டரியைத் தீர்த்துவிடுவார். இன்னொன்று, இதை அவசியம் சொல்லிவிட்டுப் போ: ரெடி நிலையில் இன்ஜின் தானாகவே ஓடத் தொடங்கும், அதன் புகை உயிரை வாங்கும். ஷெட் கதவை மூடிக்கொண்டு ஒருபோதும் செய்யக் கூடாது. சாவியையும் வண்டிக்கு எட்டாத தூரத்தில், வீட்டுக்குள் வைக்கட்டும்.

பெரிய பேட்டரி அவ்வளவு எளிதில் கைவிடாது. ஆனால் அதற்கு வெப்பம் எமன். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் 1.2 வோல்ட் நிக்கல் செல்கள் 168 வரிசையாக இணைந்து 201.6 வோல்ட் தந்தன. பல வண்டிகளில் இன்றும் ஏறக்குறைய அதே அமைப்புத்தான். வரிசை இணைப்பு என்பதால் ஒரு செல் தளர்ந்தால் மொத்தப் பெட்டியும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். நடுவில் இருக்கும் செல்களுக்குக் காற்று குறைவாகக் கிடைப்பதால், முதலில் தளர்வதும் பெரும்பாலும் அவைதான். அந்தக் காற்றை வண்டியின் உள்ளிருந்தே ஒரு விசிறி இழுத்துக்கொள்கிறது. என் வண்டியில் அதன் வாய் பின் இருக்கைக்கு அருகில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் தம்பி அதன் மூடியைக் கழற்றி வடிகட்டியை வெளியே எடுத்தபோது, அது பழைய கம்பளித் துண்டுபோல் இருந்தது. இருக்கையில் நான் விரித்து வைக்கும் துண்டின் பஞ்சு, பேத்தியின் தலைமுடி, கடற்கரை மணல் எல்லாம் அதில் படிந்து கெட்டியாகியிருந்தன. இத்தனை ஆண்டுகளாக அதன் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டியிருக்கிறேன் என்று நெஞ்சு பதறியது. உன் வண்டியில் அந்த வாய் எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பார். அதன்மேல் பையோ தலையணையோ வைக்காதே. கத்திரி வெயிலில் ஏசியைப் போட்டே ஓட்டு. நமக்குக் குளிரும் காற்றுதான் அதற்கும் போகிறது.

பெரிய பேட்டரி தளர்ந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பாய். சார்ஜ் காட்டும் கட்டங்கள் சில நிமிடங்களில் இரண்டிலிருந்து எட்டுக்கு ஏறுவதும் அதே வேகத்தில் இறங்குவதும் முக்கியமான அறிகுறி. விசிறிச் சத்தம் எப்போதும் கேட்பது, முன்பு மோட்டாரிலேயே நகர்ந்த இடங்களில் இன்ஜின் ஓடுவது, மைலேஜ் படிப்படியாகக் குறைவது ஆகியவையும் உண்டு. இவற்றோடு எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், அப்போதும் சின்ன பேட்டரியை முதலில் அளந்துவிட்டே அடுத்த பேச்சுக்குப் போ.

புதுச்சேரிக்குப் போகும் வழியில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தால், நியூட்ரலில் போட்டுவிட்டு ஏசியோடு காத்திருப்பது என் பழைய பழக்கம். நியூட்ரலில் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது, செலவு மட்டும் ஆகும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இப்போது பார்க்கிங்கில் போட்டு நிறுத்துகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நின்றுவிட்டது என்று உன் வண்டியிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் கேட்டால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்துவிடு. ஒரு முனை மாறினால் கன்வெர்ட்டரே போய்விடும். நீ ரேடியோக்களைப் பிரித்துப் பழகிய கை. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர் ஓடும் எந்த மூடியையும் நீ திறக்கக் கூடாது என்பதை ஆணையாகவே எழுதுகிறேன். அது பயிற்சி பெற்று, தனிக் கையுறை அணிந்தவர்களின் வேலை. சின்ன பேட்டரியின் முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவுவதோடு நிறுத்திக்கொள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் நான் அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். உனக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

ஒரு மல்டிமீட்டரை வாங்கி, புறப்படும் முன் காலையில் அளந்து, என்ன காட்டியது என்று எனக்கு எழுது. பங்குனியில் சமயபுரம் வருவதாக வேண்டுதல் இருக்கிறது. அப்போது திருச்சியில் இரண்டு நாள் தங்கி, உன் வண்டியை நானே எடுத்து ஒருமுறை நன்றாக ஓட்டி நிறுத்திவிட்டு வருகிறேன். சாவி யாரிடம் இருக்கும் என்பதை மறக்காமல் குறிப்பிடு. தங்கைக்கும் உன் மகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்
இராமலிங்கம்