கடல் வழியே வா

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு நண்பா,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பேத்திக்குக் காது குத்திய செய்தியும் உன் முழங்கால் வலி தணிந்த செய்தியும் ஒன்றாக வந்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் சுகம்.

நீயும் தங்கச்சியும் கிள்ளான் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்கு, லங்காவி, புக்கெட் என்று சுற்றிவரப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல முடிவு. ஆனால் கடைசியில், "பினாங்கைத்தான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்றே, அன்றைக்கு இறங்காமல் கப்பலிலேயே ஓய்வெடுக்கலாமா" என்று கேட்டிருந்தாய். அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். நீ வந்ததெல்லாம் பாலத்தின் வழியாக. 1985-இல் பாலம் திறந்ததிலிருந்து நாம் எல்லாருமே இந்தத் தீவுக்குப் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்துகொண்டிருக்கிறோம். இதன் தலைவாசல் கடல்.

மூன்றாண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் இதே போன்ற பயணம் போய்த் திரும்பியபோதுதான் எனக்கே அது விளங்கியது. பெரிய கப்பல்கள் தீவின் வடக்கே உள்ள கடல்வழியாகத்தான் துறைக்குள் வருகின்றன. விடியுமுன் மேல்தளத்துக்குப் போனோம். முதலில் முக்கா ஹெட் முனையில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் ஒளி. பிறகு பத்து பெரிங்கி கரையோரத்தில் வரிசையாக விளக்குகள். அதற்கும் மேலே, வானம் வெளுக்க வெளுக்க, 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடிமலை கருநீலமாகத் திரண்டு நின்றது. பிறந்ததிலிருந்து நாள்தோறும் பார்க்கும் மலை. அன்றுதான் அதை ஒரு தீவின் மலையாகப் பார்த்தேன். என் மனைவி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, "அப்பா இதைத்தான் முதலில் பார்த்திருப்பார்" என்றாள். என் மாமனார் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தவர் என்பது உனக்குத் தெரியும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் மக்களை ஏற்றி இறக்கியது. வங்கக் கடலைக் கடந்து வந்தவர்களுக்கு மலாயாவின் முதல் துறை பினாங்குதான். மேல்தளத்தில் பாய் விரித்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து வந்தவர்களை நேரே ஊருக்குள் விடவுமில்லை. பக்கத்திலுள்ள ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்து, நோயில்லை என்று உறுதியான பிறகே அனுப்பினார்கள். குளிரூட்டிய அறையில் படுத்து வந்த எனக்கு அதை நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

கப்பலில் வருகிறவனுக்கு இந்தத் தீவில் என்ன தனிச்சிறப்பு என்று கேட்டால், கரைக்கும் ஊருக்கும் இடையே தூரமே இல்லை என்பதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். லங்காவியில் கடலும் காடும் அழகுதான், ஆனால் எங்கே போவதென்றாலும் வாகனம் வேண்டும். நாங்கள் போன இன்னொரு தீவில் (பெயர் வேண்டாம்) கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றது. சிறு படகுகளுக்காகக் காத்திருந்ததிலேயே பாதிப் பகல் போயிற்று. இங்கே ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு அணைந்து நிற்கிறது. ஏணிப்படி இறங்கி வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு அது. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில். இன்னும் சிறிது நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்த நகரப் பகுதி கப்பலின் நிழலிலேயே தொடங்கிவிடுகிறது.

இது தற்செயலாக அமைந்ததன்று. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நாட்டியதே கப்பல்களுக்காகத்தான். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே காற்றுக்கு ஒதுங்கிய கடல். மேற்கே சுமத்ரா ஒரு சுவர் போல நிற்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலையும் குறைவு. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரைத் தீவுகளை மூட வைக்கும்போதும் இங்கே கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாம் சாப்பிடும் நாசி கண்டார் என்ற குழம்புச் சோறுகூடத் துறைமுகம் பெற்ற பிள்ளைதான். தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் தொங்கவிட்டு நம் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் மூட்டை தூக்கும் தொழிலாளிகளுக்குச் சுமந்து விற்றது அது. அந்தத் தண்டின் மலாய்ப் பெயர்தான் உணவுக்கும் நிலைத்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. கப்பல் நிற்பதோ சில மணி நேரம். இறங்குகிறவர்களில் பலர் நேராகப் பேருந்தில் ஏறி, கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நின்று, அர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரோவியத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படித்தான் அவர்களுக்குச் சீட்டு விற்கப்படுகிறது. ஆனால் நீ அப்படிச் செய்யாதே. மலையையும் தண்ணீர்மலை முருகனையும் இன்னொரு தடவை ரயிலேறி வரும்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கப்பல் துறைக்கு வரும் நேரம் சீட்டில் இருக்கும், அதை மட்டும் எனக்கு எழுது. விடியுமுன் இருவரும் மேல்தளத்தில் நில்லுங்கள். தீவு வலப்பக்கம் வரும். காலை உணவைக் கப்பலில் முடித்துவிடாதே. மணிக்கூண்டின் அடியில் நானும் என் மனைவியும் காத்திருப்போம். வெயில் ஏறுமுன் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பினாங்கு ஸ்ட்ரீட்டில் தோசை சாப்பிடலாம். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் தங்கச்சியையும் உன்னையும் பேக்கா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு நாங்கள் பக்கத்திலேயே நடந்து வருகிறோம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
பழைய வகுப்புத் தோழன்