பாப்பாவுக்கு, கேரியர் பற்றி

செங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரெண்டு பேர் படுக்கிற கூடாரத்தைச் சைக்கிளில் எப்படிக் கட்டுவது என்று கேட்டிருந்தாய். அதற்கப்புறம் போனே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

புனலூரில் கிளம்பி தென்மலையில் ஒரு ராத்திரி தங்கி, ஆரியங்காவு வழியாக வருவதற்கு முதுகுப்பை வேண்டாம். ஏற்றத்தில் தோளும் இடுப்பும் விட்டுப்போகும். கேரியர் போடு. உன் ஃப்ரேமில் பின்சக்கர அச்சுக்கு மேலே மரை போட்ட துளை இருக்கிறது. 5 மி.மீ. போல்ட், 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போதும். சீட் கம்பத்தைக் கவ்வுகிற கேரியர் பெரும்பாலும் 10 கிலோவுக்குத்தான். பள்ளத்தில் இறங்கினால் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் இறங்கி போல்ட்டை மறுபடி இறுக்கு.

பைகள் ரெண்டு பக்கமும் சம எடை. அடுப்பு, அரிசி, தண்ணீர் எல்லாம் அடியில். மிதிக்கும்போது குதிகால் பையில் தட்டினால், பையைக் கேரியரில் பின்னால் தள்ளி மாட்டு. பின் டயரில் காற்று சற்றுக் கூடுதல். ரப்பர் கயிறு மட்டும் வேண்டாம். கொக்கி கழன்று ஸ்போக்கில் மாட்டினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஆரியங்காவு தாண்டி வரும் கோட்டைவாசல் இறக்கத்தில் பின்னாலேயே லாரி வரும். பக்கிள் வைத்த நாடா வாங்கி, மிச்ச நுனியைச் செருகிவிடு.

கூடாரத்தை ஒரே ஆள் சுமக்க வேண்டாம். துணி உன் ஹேண்டில்பாரில். பிரேக் கேபிள் மடங்கக்கூடாது, லைட் மறையக்கூடாது. கம்பியும் முளையும் கூட வருகிறவரிடம். அவர் சைக்கிளில் துளை இருக்கிறதா? இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் நீளப்பை, அதில் துணிமணி மட்டும். தொளதொளவென்று கட்டினால் ஆடி ஆடி டயரில் உரசும். அந்தச் சைக்கிளைப் பின்பக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல். எந்த ஊர், எத்தனை வருஷமாக ஓட்டுகிறவர் என்றும் தெரிந்தால் நல்லது. புது ஆளென்றால் இறக்கத்தில் முன்னால் விடாதே.

பஞ்சர் ஒட்டவும் செயின் பூட்டவும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன் எடுத்துப் பேசத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாரல் பிடித்துவிட்டது. பைக்குள் கெட்டி பாலிதீன் போட்டு, வாயை மூன்று சுற்றுச் சுருட்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூடாரம் அடிக்காதே. மறுபடி சொல்கிறேன், ரப்பர் கயிறு வேண்டாம்.

ரெண்டு பேரும் நேராக வீட்டுக்கே வாருங்கள். அவர் மீன் சாப்பிடுவாரா என்று மட்டும் எழுது, அம்மாவிடம் சொல்லணும்.

அப்பா