கோடை முகாம் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முகாமும் முடிந்தது, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் திருவிழாவும் வந்து போய்விட்டது. ஜூனில் அரசுப் பள்ளி திறந்துவிட்டால் அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இந்தக் கோடையில் மியான்மரில் நம் பெகு ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த பத்து நாள் முகாமில், முதல் தடவையாக, காது கேளாத பிள்ளைகள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள், பார்வை குறைந்தவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் என்று எல்லாரையும் மற்ற பிள்ளைகளோடு ஒன்றாகவே உட்கார வைத்தோம். நிறையப் பேர் வந்து "அருமையா நடந்துச்சு ஐயா" என்று சொன்னீர்கள். கடைசி நாள் கொடுத்த தாளிலும் அநேகமாக எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் குறி போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு முகாம் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்பட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாத்தியாரிடம் நேருக்கு நேர் குறை சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நாம், அது எனக்கும் தெரியும்.

ஒரு அம்மா மட்டும் தாளில் எதுவும் எழுதாமல், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஐயா, பிள்ளை சந்தோஷமாத்தான் வந்தான். ஆனா முதல் நாலு நாளும் அவன் மத்தவங்க ஆட்டத்துக்குப் புள்ளி எழுதிக்கிட்டே இருந்தான்." அவருடைய மகனுக்கு ஒரு காலில் பலம் இல்லை. நாங்கள் வைத்ததெல்லாம் கபடியும் ஓட்டமும். அதில் அவனுக்கு இடமில்லை என்றதும் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அவனையும் சேர்த்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் பத்து நாளும் அவன் வந்திருக்கிறான். அந்த ஏட்டில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அம்மாவிடமும் அந்தப் பையனிடமும் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் விளையாட்டை மாற்றினோம். சின்லோன் பந்தாட்டத்தில் எதிரணி கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது, வட்டமாக நின்று பந்தைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆட்டம், இது இங்கே பிறந்த நமக்குத் தெரியாததல்ல, ஆனாலும் முதல் நாலு நாள் எங்களுக்குத் தோன்றவில்லை. கை படக்கூடாது என்ற விதியைத் தளர்த்தி, கையாலும் பிடிக்கலாம், உட்கார்ந்தும் ஆடலாம் என்று வைத்தோம். பார்வை குறைந்த பெண் பிள்ளை பந்து எங்கே வருகிறது என்று தெரியாமல் தவித்தபோது, நடன வகுப்பு மாணவி ஒருத்தி தன் சலங்கையிலிருந்து இரண்டு மணியைக் கழற்றிப் பிரம்புப் பந்தின் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் மண்டபம் முழுக்க ஜல் ஜல் என்றுதான் சத்தம். அந்தப் பெண் மூன்று தடவை தொடர்ந்து பிடித்தாள். புள்ளி எழுதிய பையனும் வட்டத்துக்குள் வந்துவிட்டான், நோட்டு அப்படியே திண்ணையில் கிடந்தது.

சரி, ஒரு மகிழ்ச்சியான காட்சியை வைத்து முகாம் வெற்றி என்று சொல்லிவிடலாமா? அதனால்தான் இன்னொன்றும் செய்தோம். முதல் நாளும் கடைசி நாளும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, சாப்பிடும்போது உன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், மூன்று பேர் சொல்லு என்று கேட்டோம். முதல் நாள் ஐந்து பிள்ளைகளின் பெயரை யாருமே சொல்லவில்லை. கடைசி நாள் அந்த ஐந்தில் நாலு பேரின் பெயர் வந்தது.

இப்படிப்பட்ட முகாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையார் 1962-ல், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காகத் தன் வீட்டுத் தோட்டத்திலேயே கோடை முகாம் நடத்தினார். அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்காக 1968-ல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டுப் போட்டிகளுக்கு அதுதான் விதை. பிற்பாடு பாஸ்டனில் 'கேம்ப் ஷ்ரைவர்' என்ற அதே பெயரில், குறைபாடு உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் கலந்து ஒரு முகாம் நடத்தி ஆராய்ந்தார்கள். 8 முதல் 13 வயது வரை 67 பிள்ளைகள், அதில் 29 பேருக்கு லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடு. முடிவில் 95 சதவீதம் பேருக்கு ஒரு புது நண்பராவது கிடைத்திருந்தார். என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று: அந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு, விளையாட்டில் கெட்டிக்காரராக இருப்பதைவிட, கூட இருப்பவர்களிடம் பழகும் விதம்தான் அதிகம் உதவியிருக்கிறது. அப்படியானால் நாம் ஓடக் கற்றுக்கொடுப்பதோடு, பழகவும் இடம் அமைத்துத் தர வேண்டும்.

இனி அந்த ஐந்தாவது பிள்ளைக்கு வருகிறேன். கடைசி நாளும் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை, இதை நினைத்தால் இன்னமும் தூக்கம் வருவதில்லை. அவனுக்கென்று ஒரு அக்காவைத் துணைக்குப் போட்டிருந்தோம். அவர் பத்து நாளும் அவன் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை, அவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளோ, பெரியவர் ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருவதே இல்லை. உதவிக்கு வைத்த ஆளே வேலியாகிவிட்டார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, அப்படி உட்காரச் சொன்னது நான். இதோடு கோயில் மணியும் ஒலிபெருக்கியும் வேறு. அடிக்கடி காதைப் பொத்திக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவான். ஒருநாள் காலையில் ஒரு சின்னப் பெண் தானாகவே போய் அவன் கன்னத்தில் 'தனக்கா' மரப்பட்டைச் சாந்தைப் பூசிவிட்டாள், அவன் முகத்தைத் திருப்பவில்லை. அந்த நேரம் அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அடுத்த முகாமில் துணையாள் இரண்டடி தள்ளித்தான் இருப்பார், மரத்தடியில் ஒரு பாயும் போட்டு வைப்போம், விரும்பிய பிள்ளைகள் அங்கேயும் போய் உட்காரலாம்.

தமிழ் எழுத்து வகுப்பு மெதுவாகப் போனது என்று ஒரு அப்பா சொன்னார். உண்மைதான். பெரிய பிள்ளைகளுக்கு வேறு பாடம் தயாராக வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. நேரத்தையும் மாற்றுகிறோம். 2024 ஏப்ரலில் நம் நாட்டின் சௌக் ஊரில் 48.2 டிகிரி வெயில் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இனி காலை பத்தரைக்குள் முகாம் முடிந்துவிடும்.

சேர்க்கைத் தாளையும் மாற்ற வேண்டும். 'பிள்ளைக்குக் குறைபாடு உண்டா?' என்று கேட்டிருந்தோம். பலர் 'இல்லை' என்று எழுதினீர்கள், பின்னால்தான் கண்ணாடி போட்டும் சரியாகப் பார்க்க முடியாத பிள்ளை, ஒரு காது மந்தமான பிள்ளை என்று தெரியவந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை, அப்படிக் கேட்டால் யார்தான் ஆமாம் என்று எழுதுவார்கள்? குறைபாடு உள்ளவர்கள் என்று நம் நாட்டின் 2014 குடிக்கணக்கில் 4.6 சதவீதமாக வந்த எண்ணிக்கை, 2019-ல் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இன்னும் விரிவாகக் கேட்டபோது 12.8 சதவீதமாக வந்தது. ஐந்து வருஷத்தில் மக்கள் அப்படி மாறிவிடவில்லை, கேள்வி மாறியது. அதனால் இனி, பார்க்கச் சிரமமா, கேட்கச் சிரமமா, நடக்க, நினைவில் வைக்க, தானாகக் குளிக்க உடுத்த, பேசிப் புரியவைக்கச் சிரமமா, எவ்வளவு என்றுதான் கேட்போம். தயங்காமல் எழுதுங்கள், அந்தத் தாள் என் மேசையைத் தாண்டாது.

ஜூலையில் உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்க வருவேன்: முகாமில் பழகிய பிள்ளைகளில் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தார்களா, உங்கள் பிள்ளை யார் வீட்டுக்காவது போனானா? முகாம் பயன்பட்டதா என்பதற்கு எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அதற்கு முன்னால் பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில்தான் இருப்பேன்.

சலங்கை மணி போட்ட பந்து என் அலமாரியில் இருக்கிறது. எந்தப் பிள்ளை கேட்டாலும் தருகிறேன், ஆனால் வாங்கிப் போக இரண்டு பேராக வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்