ஹாடன் மாளிகையைப் பார்த்தபின் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் நீ சேர்ந்ததிலிருந்து, உனக்குக் காட்ட வேண்டும் என்று நான் எண்ணியிருந்த ஹாடன் மாளிகைக்குச் சென்ற வாரம் அப்பாவும் நானும் போய் வந்தோம். இங்கிலாந்தின் டார்பிஷயரில், பேக்வெல் ஊரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில், வை ஆற்றை ஒட்டிய சுண்ணாம்புப் பாறை மேட்டின்மேல் அது நிற்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து வெர்னன் குடும்பத்தாரிடம் இருந்த இம்மாளிகை, டோரதி வெர்னன் 1563இல் ஜான் மேனர்ஸை மணந்ததன் வழியாக மேனர்ஸ் குடும்பத்துக்கு வந்து, இன்றுவரை அவர்களிடமே இருக்கிறது. டோரதி இரவோடிரவாகக் காதலனுடன் ஓடிப்போனாள் என்ற கதையைத்தான் வருகிறவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிப் பரவிய கதை. என் மனத்தைப் பிடித்துக்கொண்டது, மிகவும் பின்னால் நடந்த ஒன்று.

1703இல் மேனர்ஸ் குடும்பத் தலைவர் ரட்லண்ட் கோமகன் (டியூக்) ஆனார். அந்தக் காலத்தை ஒட்டிக் குடும்பம் பீவர் கோட்டையையே தன் இருப்பிடமாக்கிக்கொள்ள, ஹாடன் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் குடியிருப்பாரின்றிக் கிடந்தது. இங்கிலாந்தின் பெரிய வீடுகள் பலவும் புதுப் பாணிக்கு ஏற்ப இடித்துக் கட்டப்பட்ட நூற்றாண்டுகள் அவை. இங்கே வாழ்வோர் இல்லாததால் மாற்றிக் கட்டும் அவசியமும் எழவில்லை. இருந்தும் குடும்பம் வீட்டை விற்கவுமில்லை, இடிந்து மண்ணாகிப் போக விடவுமில்லை. கைவிடப்பட்டதாகத் தோன்றிய அந்தக் காலமே அதைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம்.

சமையற்கட்டுக்குள் நுழைந்ததும் இது உனக்கும் புரிந்துவிடும். புகையேறிக் கறுத்த உத்தரங்களின் கீழே, இறைச்சி வெட்டிய தடித்த மரப்பலகைகள் அப்படியே கிடக்கின்றன. எத்தனையோ தலைமுறைச் சமையற்காரர்களின் கத்தி விழுந்து விழுந்து, பலகையின் நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது. குழியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் மர இழைகள் வெட்டுத் தழும்புகளுக்கிடையே பளபளவென்று தேய்ந்திருப்பது தெரியும். புதுப்பிக்க வந்த எவரும் அதை இழைத்துச் சமன்செய்யவில்லை என்பதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மாடியிலுள்ள நீள்கூடம் 110 அடி நீளம். அதன் சன்னல்களிலுள்ள சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகள் ஒரே தளத்தில் அமையாமல் முன்னும் பின்னுமாகப் புடைத்து நிற்பதால், ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வேறு வேறு கோணத்தில் உள்ளே தள்ளுகிறது. சுவர்ப் பலகைகளில் வெர்னன் குடும்பத்தின் காட்டுப்பன்றித் தலையும் மேனர்ஸ் குடும்பத்தின் மயிலும் செதுக்கப்பட்டுள்ளன.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது சிற்றாலயத்தில். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தத்தின்போது வெள்ளையடித்து மறைக்கப்பட்ட சுவரோவியங்கள், இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பூச்சை நீக்கியபோது வெளிப்பட்டன. அவற்றின் அருகே ஒரு சிறுவனின் சலவைக்கல் உருவம் படுத்திருக்கிறது. குடும்பத்தின் மூத்த மகனான அவன் 1894இல், ஒன்பது வயதில் இறந்துபோனான். சிற்பத்தை வடித்தவர் அவனைப் பெற்ற தாய் வயலட் மேனர்ஸ். மகனின் நெற்றியையும் கன்னத்தையும் தன் கையாலேயே மீண்டும் உருவாக்கத் துணிந்த அந்த அம்மாவை நினைத்து என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை, யாழினி.

அண்ணன் இறந்தபோது எட்டு வயதாயிருந்த தம்பி ஜான்தான் பின்னாளில் ஒன்பதாம் கோமகனாகி, இந்த மாளிகைக்கு உயிர் கொடுத்தவர். கோமகன் பட்டம் பெறுவதற்கு முன்பே பணியைத் தொடங்கி, விருந்து மண்டபத்துக்கு 1920களில் ஓக் மரத்தால் புதுக் கூரை அமைத்தார். பழையதில் தாங்கக்கூடியதைத் தாங்கவைத்து, கெட்டுப்போனதை மட்டும் மாற்றினார். வசதியும் அதிகாரமும் உள்ளவர் தன் விருப்பத்துக்கு ஒரு புது மாளிகையே எழுப்பியிருக்கலாம். அதைச் செய்யாத அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலிருக்கும் வண்ணம் உதிராமல் பூச்சை மட்டும் எப்படி எடுக்கிறார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். அதை நீதான் அவருக்கு விளக்கி எழுத வேண்டும். அடுத்த விடுமுறை எப்போது என்று முடிவானதும் தெரிவி; பேக்வெல்லிலேயே இரண்டு நாள் தங்குவதற்கு ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா