தேய்த்துத் துடைக்கச் சொன்ன உங்கள் விளக்கத்தாளைப் பற்றி ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். நாணயங்களைப் படம் எடுக்க நீங்கள் விற்கும் பெட்டியை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. அதில் எல்.இ.டி. பட்டை இரண்டு, போனை மாட்டும் தாங்கி, சாய்த்து வைக்க ஒரு கண்ணாடித் தகடு, ஒரு துணி, சின்ன பாட்டிலில் ஒரு திரவம், அப்புறம் நான்கு பக்க விளக்கத்தாள் இருந்தன. என் புகாரில் முக்கால்வாசி அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றியது. "படம் எடுக்கும் முன் நாணயத்தைத் திரவம் தொட்ட துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைக்கவும்." இந்த வரியால் என் சேகரிப்பில் இரண்டு காசுகள் பாழாகிவிட்டன, இனி அவற்றை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வருடமாகச் சேர்த்த காசுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படம் இருந்தால் யாராவது பார்க்கக் கேட்கும்போதெல்லாம் காசை வெளியே எடுக்க வேண்டியதில்லை. காணாமல் போனால் விளிம்பில் இருக்கும் ஒரு சின்ன வெட்டையோ முகத்தருகே இருக்கும் கறுப்புப் புள்ளியையோ காட்டி இது என்னுடையதுதான் என்று நிரூபிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் உட்கார்ந்தோம். நான் தாங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அவள் விளக்கத்தாளைப் படித்து அதில் இருந்தபடியே அடுத்தடுத்த காசுகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது மூன்று காசுகளைத் துடைத்து முடித்து வரிசையாக வைத்திருந்தாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அச்சில் இருந்ததை நம்பினாள், அவ்வளவுதான்.

மூன்றில் ஒன்று சாதாரணக் காசு, அது போகட்டும். இன்னொன்று மரியா தெரேசா தாலர். அந்த அரசி இறந்த 1780-ஆம் வருடத்தையே போட்டு அதற்கப்புறமும் காலங்காலமாக அடித்துக்கொண்டிருந்த பெரிய வெள்ளிக் காசு. என்னிடம் இருந்ததில் விளிம்பை ஒட்டி நீலமும் பொன்னிறமும் கலந்த டோனிங் ஒரு வளையம் மாதிரி படர்ந்திருந்தது. வெள்ளியின் மேல் கந்தகம் மெல்ல மெல்லப் படிந்து உண்டாகும் நிறம் அது, அந்த வளையம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது.

மூன்றாவதுதான் என்னை இதை எழுத வைத்தது. 1797 என்று வருடம் பொறித்த பிரிட்டனின் செப்புப் பென்னி, வண்டிச் சக்கரப் பென்னி என்று சேகரிப்பவர்கள் சொல்வார்களே, அது. மேத்யூ போல்டன் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் நீராவியால் ஓடும் அச்சு எந்திரங்களை வைத்து அடித்தது. குறுக்களவு 36 மில்லிமீட்டர், எடை சரியாக ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இதன் அழகே விளிம்பில்தான் இருக்கிறது. மற்ற காசுகளில் எழுத்து மேலே எழும்பி நிற்கும், இதில் அகலமான விளிம்பு மேடாக இருக்க எழுத்துகள் அதற்குள் குழிந்திருக்கும். என் காசு காய்ந்த புளி நிறத்தில் இருந்தது, அந்தக் குழிகளுக்குள் மட்டும், விரல் படாத இடம் என்பதால், கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா தெரியவில்லை.

இப்போது அந்தக் காசு வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கிறது. எழுத்துக் குழிகளுக்குள் துணி போகவில்லை, அதனால் உள்ளே பழைய நிறமும் வெளியே தோல் உரிந்த மாதிரி ஒரு நிறமுமாக நிற்கிறது. சாய்த்துப் பார்த்தால் அரசர் முகத்தின் குறுக்கே ஒரே திசையில் மெல்லிய கோடுகள். அவள் துடைத்த திசை அது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதவில்லை, மூக்கில் ஏறும் புளித்த வாடையை வைத்து ஏதோ அமிலம் என்று நினைக்கிறேன். செம்பின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. உலோகம் காற்றோடு சேர்ந்து தானே போர்த்திக்கொண்ட படலம், கீழே இருக்கும் செம்பை அதுதான் காத்து வந்தது. அமிலம் அதைக் கரைத்துவிடும். பிறகு மறுபடி கறுக்கத்தான் செய்யும், ஆனால் திட்டுத் திட்டாக. பழைய காசைத் தேய்க்காதே என்பதுதான் சேகரிக்க வருகிற யாருக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். நாணயம் சேகரிப்பவர்களுக்கென்றே பொருள் விற்கும் உங்களுக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

உங்கள் சேவைப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் பதிலில் பெட்டியைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சொன்னீர்கள், காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது பதிலில் "நாணயம் பளிச்சென்று மாறியது திரவம் நன்றாக வேலை செய்வதையே காட்டுகிறது, மதிப்புள்ள நாணயங்களில் முதலில் சோதித்துப் பார்ப்பது பயனரின் பொறுப்பு" என்று இருந்தது. நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன், சோதித்துப் பார்க்கச் சொல்லி எங்கேயும் இல்லை.

சரி, பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது செய்ய வேண்டிய வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அட்டையில் "இயற்கை நிறம்" என்று போட்டிருக்கிறீர்கள். இதில் எடுத்த செப்புக் காசுகள் எல்லாம் பச்சை தட்டிப் போய் உயிரில்லாமல் விழுகின்றன. சாம்பல் நிற அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவின் நிறக் கணக்கு, சரி செய்து பார்த்தேன், வெள்ளி சரியானது, செம்பு சரியாகவில்லை. செம்பின் நிறம் முழுக்க சிவப்புப் பக்கம் இருப்பது, விளக்கிலேயே அந்தச் சிவப்பு குறைவாக இருந்தால் கேமராவால் அதை எங்கிருந்து கொண்டு வர முடியும்? விளக்கின் சி.ஆர்.ஐ., அதாவது அது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற அளவு, எவ்வளவு என்று பெட்டியிலும் இல்லை, தாளிலும் இல்லை. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன, முழு வெளிச்சத்தில் விழுவதில்லை. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது. போன் தாங்கியும் மெல்ல இறங்குகிறது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போகஸ் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய குறை, உள்சுவர் நாலாபக்கமும் வெள்ளை. செருப்புக்கும் கடிகாரத்துக்கும் அது சரியாக இருக்கலாம். காசுக்கு நிழல் வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் அடித்தால் முகத்தின் மேடு பள்ளம் மறைந்து காகிதத்தில் அச்சடித்த படம் மாதிரி ஆகிவிடும். நான் ஒரு பக்கப் பட்டையை அணைத்து, உள்சுவரில் கறுப்புத் தாள் ஒட்டி, மிச்சமிருந்த பட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்த பிறகுதான் எழுத்துகளின் ஒரு ஓரம் ஒளிர்ந்து மறு ஓரம் இருண்டு, காசு காசாகத் தெரிந்தது.

ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்ட வேண்டும், அந்தக் கண்ணாடித் தகடு. அதை 45 டிகிரியில் சாய்த்து, பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டு நேர்கீழே காசின் மேல் விழ, மேலே இருந்து கண்ணாடி வழியாகவே படம் எடுக்கும் முறை உண்மையிலேயே நல்ல முறை. தேய்ந்துபோன எழுத்துகூட அதில் படிக்க முடிகிறது. இவ்வளவு நல்ல யோசனை தோன்றியவர்கள் அதே பெட்டிக்குள் அந்த பாட்டிலை ஏன் வைத்தீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பெட்டியை அனுப்பிவிடுகிறேன். கெட்டுப்போன இரண்டு காசுகளுக்கும் இழப்பீடு கேட்கிறேன், தொகையைப் பேசி முடிவு செய்யலாம். ஆனால் அதற்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது, பாட்டிலையும் அந்த வரியையும் பெட்டியிலிருந்து எடுப்பது. ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த வாரமே செய்தி அனுப்புங்கள், உங்களிடம் அவர்கள் முகவரி இருக்கிறது. பலர் இன்னும் பிரித்திருக்கவே மாட்டார்கள். அந்த வரிக்குப் பதிலாக என்ன போடுவது என்று யோசிக்க வேண்டாம், நானே தருகிறேன்: "நாணயத்தை எதைக் கொண்டும் துடைக்க வேண்டாம். தூசி இருந்தால் காற்றுப் பம்பால் ஊதிவிடவும். எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுக்கவும், கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளவும்."

இன்னொன்று. அன்றிலிருந்து என் மகள் ஆல்பத்தைத் தொடுவதே இல்லை. கூப்பிட்டால், "நான் வந்தால் கெடுத்துவிடுவேன், அப்பா" என்கிறாள். அந்த வழிமுறை தவறானது, அதைப் பின்பற்றியவர் மேல் தவறு இல்லை என்று உங்கள் பதிலில் தெளிவாக எழுதுங்கள். அதை அவளுக்குக் காட்ட வேண்டும்.

பென்னியைத் துடைப்பதற்கு முந்தைய வாரம் ஜன்னல் ஓரத்தில் எடுத்த படம், துடைத்த பிறகு அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுத்த படம், தாலரின் இப்போதைய படம், விளக்கத்தாளின் இரண்டாம் பக்கம், நான்கையும் ஆர்டர் விவரத்தோடு இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்