கிளினிக் வரிசையில் சிறிஞ்ச் பார்த்த மிஸ்ஸிக்கு

யாழ்ப்பாணத்து நீரிழிவுக் கிளினிக் வரிசையில், ஒவ்வொருவரின் பையிலிருந்தும் இன்சுலின் போத்தலையும் சிறிஞ்சையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த, பெயர் தெரியாத தாதி மிஸ்ஸிக்கு நன்றி.

இந்தியாவிலிருந்து வரும் போத்தல்களில் மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ளவையும் உண்டு, 100 அலகு உள்ளவையும் உண்டு. சிவப்பு மூடிச் சிறிஞ்ச் 40க்கு; செம்மஞ்சள் மூடி 100க்கு. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 10 வரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு. சீனி மிச்சம் இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, ஆள் மயங்கவும் கூடும். மறுவளமாக மாறினால் 4 அலகுதான். சீனி இறங்காததைப் பார்த்து டாக்குத்தர் அளவைக் கூட்டுவார். பிறகொரு நாள் சரியான சிறிஞ்ச் கைக்கு வந்தால் அந்தக் கூட்டிய அளவே ஆளை விழுத்தும். இதைத்தான் நீங்கள் முளையிலேயே பிடித்தீர்கள்.

இயல்பிலேயே கலங்கலாய் இருக்கும் இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் பத்துத் தரம் உருட்டச் சொன்னதும், கட்டி தெரிந்தால் எறியச் சொன்னதும், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதேங்கோ என்று அதட்டியதும் (அந்த அதட்டல் தேவைதான்) எல்லாருக்கும் விளங்கிற தமிழில்.

பிரிட்ஜ் இல்லாத ஆச்சிக்கு, இன்சுலினைக் குளிராய் வைக்க ஈரமண்ணில் புதைத்த மண்சட்டியைக் காட்டினீர்கள். அவவின் கிளினிக் கொப்பி மட்டையில் ‘100, செம்மஞ்சள்’ என்று நீங்கள் பெரிசாய் எழுதியது அப்படியே கிடக்கிறது.